தை மாசத்துத் தண்ணி

நகர வேண்டாம் அக்கா, இடம் இருக்கிறது. பாப்பாவை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்க ஜன்னல் ஓரமே இருங்க. அந்தக் கேன் ரெண்டையும் காலுக்கு நடுவில் வச்சுக்கங்க, இல்லாவிட்டால் கண்டக்டர் அதற்கும் ஒரு பேச்சுப் பேசுவார்.

நீங்க பண்டகசாலைத் தெரு ரத்தினசபாபதி வீட்டு மருமகள்தானே? பச்சைக் கேட்டு வீடு. கோமளா அக்கா. ஆமாம்தானே? படி ஏறும்போதே பார்த்துவிட்டேன். பின்னால் போய் நின்றுகொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். கால் நேராக இங்கேதான் வந்தது.

என்னைத் தெரியவில்லையா? உங்க வீட்டை வாங்கினோமே, மூன்று வருஷம் முன்னால், இதே தை மாசம். மினிடோர் வண்டி ஓட்டுகிறவர், தனபாலன். அவர் பெண்சாதி நான். அஞ்சலை. அன்றைக்கு உங்க வீட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன், உள்ளே வர அவ்வளவு கூச்சம். நீங்கதான் சொம்பில் தண்ணி கொண்டுவந்து கொடுத்தீங்க.

பயப்படாதீங்க. சண்டை போட வரவில்லை. எனக்குச் சண்டை போடத் தெரியாது அக்கா. எனக்குப் பேச்சே வராது. ஐந்தாவது வரைக்கும் படித்தேன், ஐந்து வருஷமும் வாத்தியார் கேட்ட கேள்விக்குத் தரையைப் பார்த்தே நின்றேன். எங்க வீட்டுக்காரர் இன்றைக்குக் காலையில்கூட அதைத்தான் சொன்னார். "போடச் சொன்ன இடத்துல கையெழுத்துப் போடு, வாயைத் திறக்காதே. அதுதான் உனக்கு நல்லா வருமே."

ஆமாம் அக்கா. வீட்டை விற்கிறோம். இன்றைக்குப் பத்திரம். பதினொன்றரைக்கு டோக்கன். அவர் புரோக்கரோடு முன்னாடியே வண்டியில் போய்விட்டார், நான் பாப்பாவைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு பின்னால் வருகிறேன். வீடு என் பேரில் இருக்கிறதே. என் ஜாதகத்தில் நாலாம் இடம் சுத்தமாக இருக்கிறதென்று எவனோ ஜோசியன் சொல்ல, என் பேரில் எழுதினார். அதனால் நான் போகாமல் நடக்காது. நான் கையெழுத்துப் போட்டால்தான் போட்டது.

அதோ பாருங்க, லைட்ஹவுஸ் ரோடு. இங்கே சென்ட் பதினைந்து லட்சம் என்கிறார்கள். பூமியில் கிடைக்கிற தண்ணியை வாயில் வைக்க முடியாது. ஆனால் இந்த ஜனங்களுக்கு என்ன, மாடியில் நின்றால் கடல் தெரிகிறதா, போதும். குடிக்கிற தண்ணி லாரியில் வந்து இறங்கும். இதே கடல், நான் ஏறினதற்கு முந்தின ஸ்டாப், நீங்க ஏறியிருப்பீங்களே சவுக்குத்தோப்பு, அங்கேயும்தான் தெரிகிறது. அங்கே பட்டா கிடையாது, அதனால் விலையே கிடையாது. யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா அங்கே உங்களுக்கு? சரி, சரி. நான் எதற்குக் கேட்கிறேன்.

எங்களுக்கு முதலில் இந்த ஊர் விலை ஒன்றுமே விளங்கவில்லை அக்கா. நாங்க மேற்கே, ஆற்றுப்பக்கம். அங்கே ரோட்டு ஓரம் என்றால் விலை கூட, உள்ளே தள்ளிப் போகப் போகக் குறைவு, முடிந்தது. இங்கே ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் மூன்று லட்சம் வித்தியாசம் சொல்கிறார்கள். இரண்டிலும் அதே மணல், அதே தென்னை, அதே சாக்கடை. ஏன் என்று கேட்டால், "தண்ணி குடிச்சுப் பாரு" என்கிறார்கள். வீடு பார்க்க வருகிறவன் சுவரைத் தட்டிப் பார்க்கிறானோ இல்லையோ, பம்பை அடித்து ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் போக மாட்டான். குளத்துமேட்டுத் தெருவில் வருஷம் பூராவும் தண்ணி இனிக்கும், அங்கே சென்ட் பன்னிரண்டு. ரயில்வே கேட்டுக்கு மேற்கே கொஞ்சம் சப்பென்று இருக்கும், எட்டு. கேட்டுக்குக் கிழக்கே நம்ம பண்டகசாலைத் தெரு.

நம்ம தெரு விலையை நான் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அன்றைக்கு எங்க வீட்டுக்காரர் உங்க பம்பை அடித்து இரண்டு சொம்பு குடித்தார். "கற்கண்டு மாதிரி இருக்கு அஞ்சு!" என்று கத்தினார். புரோக்கர் கலியமூர்த்தி அவர் முதுகில் தட்டினார். "கேட்டுக்கு அந்தாண்ட எட்டு சொல்றான் தம்பி. இந்தத் தண்ணிக்கு இங்க அஞ்சரை. யோசிச்சா வேற எவனாவது கொத்திக்கிட்டுப் போயிடுவான்." உங்க மாமனார் ஈசிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. நல்லா இருக்கும் என்றும் சொல்லவில்லை, நல்லா இருக்காது என்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் நீங்க எனக்குத் தனியாக ஒரு சொம்பு கொண்டுவந்தீங்க. "குடிங்க. இப்ப நல்லா இருக்கும்" என்றீங்க.

இப்ப.

நான் குடித்தேன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் முள் மாதிரி நின்றது அக்கா. இப்ப நல்லா இருக்கும் என்றால் எப்ப நல்லா இருக்காது? கேட்க வேண்டியதுதானே? வாய் வரைக்கும் வந்தது. புது இடம், பெரிய மனுஷங்க, நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டால் எங்க வீட்டுக்காரர் முறைப்பாரோ என்று முழுங்கிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வருஷம் சித்திரை பத்தாம் தேதி. இவள் வயிற்றில் ஏழு மாசம். காலையில் டீ போட்டால் பால் திரிந்துவிட்டது. மறுநாளும் திரிந்தது. எங்க வீட்டுக்காரர் பால்காரரை வாசலில் பிடித்துக்கொண்டார். "என்னய்யா பால் ஊத்துறே, மாசமா இருக்கிற பொம்பளைக்கு?" பால்காரர் கோபப்படவே இல்லை. கேட்டைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், சிரித்தார். "பாலை ஏன் சார் திட்டுறீங்க? வெயில் வந்துடுச்சுல்ல. இனிமே ஐப்பசி மழை வரைக்கும் உங்க பம்புல கடல்தான் வரும்."

பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள். "தெரிஞ்சுதானே வாங்கினீங்க? எவ்வளவு குடுத்தீங்க, அஞ்சரையா? அட கடவுளே! கத்திரியில வந்து தண்ணி குடிச்சிருந்தா மூணுக்கு முடிச்சிருக்கலாமே! தையில எவனாவது இந்தத் தெருவுல வீடு பார்ப்பானா?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது அக்கா. இந்த ஊர்க்காரன் வீடு வாங்கப் போனால் கத்திரி வெயிலில்தான் போவான். விற்கிறவன் மார்கழி, தையில் வெளியூர்க்காரனைத் தேடுவான். மழைத் தண்ணி மணலில் மேலே நிற்கிற மூன்று நாலு மாசம் எங்களை மாதிரி ஆட்கள் வந்து சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவோம்.

என்ன ஸ்டாப் இது? பெரிய கோயிலா. இன்னும் கேட்டைத் தாண்ட வேண்டும்.

அந்தத் தண்ணியில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைக்குக் குளித்தால் முடி பிசின் தடவினது மாதிரி ஒட்டிக்கொள்ளும். இவள் பிறந்த பிறகு பாருங்க, உச்சந்தலை பூராவும் செதில் செதிலாக. இங்கே, இந்த முடிக்குள்ளே விரலை வைத்துப் பாருங்க. இப்போது தையில் கொஞ்சம் தேவலை. சித்திரையில் சொறிந்து சொறிந்து ரத்தம் வரும், ராத்திரி பூராவும் அழுவாள்.

எனக்கு யார் மேல் கோபம் வந்தது தெரியுமா? புரோக்கர் மேல் வரவில்லை. அவன் வேலை அது. உங்க மாமனார் மேலும் வரவில்லை. உங்க மேல்தான் வந்தது.

இல்லை, முழுசாகக் கேளுங்க. ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளையிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்க அந்தத் தண்ணியில்தானே சமைத்தீங்க, குளித்தீங்க. நான் மசக்கையாக நின்றதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காதோடு ஒரு வார்த்தை. "சித்திரையில் வந்து பாரு" என்று மூன்று வார்த்தை. நான் உங்க இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். பம்பு அடிக்கும்போதெல்லாம் உங்க முகம்தான். நீங்க எங்க பணத்தில் குளத்துமேட்டில் வீடு வாங்கி, சீயக்காய் தேய்த்து நுரைக்க நுரைக்கக் குளிக்கிறீங்க என்று நானாக நினைத்துக்கொண்டு எரிவேன்.

போன சித்திரையில் ஒருநாள், இவள் தலையில் ரத்தத்தோடு அழுகிறாள், ஒரு லிட்டர் பாட்டிலில் அந்தத் தண்ணியைப் பிடித்தேன். மூடியை இறுக்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். உங்களுக்காகத்தான் அக்கா. என்றைக்காவது பார்த்தால் உங்க கையில் கொடுத்து, குடிங்க, இப்ப நல்லா இருக்கும் என்று சொல்ல வேண்டும். சிரிக்காதீங்க. பேச வராதவளுக்கு அவ்வளவுதான் தோன்றும்.

கேட் போட்டுவிட்டானா? அடக் கடவுளே. மணி என்ன அக்கா? பதினொன்று ஐந்தா? சரக்கு வண்டி என்றால் பத்து நிமிஷம் போய்விடும்.

இருங்க, போன் அடிக்கிறது.

"ஆங். கேட்ல நிக்குதுங்க... நான் என்ன பண்ணட்டும், கேட் போட்டுட்டாங்க... ஆங். வந்துட்டாங்களா? அந்தப் பொண்ணுமா?... சரி... சரி. திறக்கலைங்க, வாயைத் திறக்கலை."

அவர்தான். வாங்குகிறவர்கள் வந்துவிட்டார்களாம்.

நமக்கு ஒருத்தன் செய்ததை நாம் ஒருத்தனுக்குச் செய்கிறோம், இதில் என்ன பாவம் என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது அக்கா. குளத்துமேட்டில் ஒன்றரை சென்டில் ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். தை முடிவதற்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸும் போகும், வீடும் போகும். அந்த வீட்டுத் தண்ணியைப் போய்க் குடித்துப் பார்த்தேன். சித்திரையிலேயே போய்க் குடித்தேன், இந்தத் தடவை ஏமாறவில்லை. அந்தத் தண்ணியில் இவள் தலையைக் கழுவினேன். அப்படியே சிரித்தாள். அது வேண்டும் அக்கா எனக்கு. அதற்கு இந்தப் பச்சைக் கேட்டு வீடு சென்ட் ஐந்தரைக்குக் குறையாமல் போக வேண்டும். தையைத் தாண்டினால் அந்த விலை எவன் கொடுப்பான்?

வாங்குகிறவர்களும் மேற்கத்திக்காரர்கள்தான். அந்தப் பெண் பேர் இளவரசி. ஆறு மாசக் கைக்குழந்தை. வீடு பார்க்க வந்த அன்றைக்கு அவள் என்னை மாதிரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நேராக அடுப்படிக்கே வந்துவிட்டாள், வாய் ஓயாத பெண். "அக்கா, பரண் எவ்வளவு பெருசா இருக்கு! அக்கா, இந்த மேடையில பூனை ஏறுமா?" நான் சொம்பில் தண்ணி கொடுத்தேன். நான் ஒன்றுமே சொல்லவில்லை, கொடுத்தேன், அவ்வளவுதான். அவள் குடித்துவிட்டு, குழந்தை வாயிலும் விரலால் தொட்டு வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வெயில் காலத்துலயும் இப்படியே இருக்குமாக்கா?"

அன்றைக்கு நான் கேட்காமல் முழுங்கினேனே, அதே கேள்வி. அவள் கேட்டுவிட்டாள்.

கூடத்தில் எங்க வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது.

நான் என்ன சொன்னேன் என்கிறீங்களா? "பாப்பா அழுவுறா" என்றேன். உள்ளே போய்விட்டேன். இவள் அழவே இல்லை அக்கா. தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தூக்கிக்கொண்டு, அவர்கள் தெருவைத் தாண்டிப் போகிற வரைக்கும் உள்ளேயே நின்றேன்.

ஆனால் நான் பொய் சொல்லவில்லை. இருக்கும் என்று சொல்லவில்லையே. நீங்களாவது நல்லா இருக்கும் என்று வாயால் சொன்னீங்க. நான் அதுகூடச் சொல்லவில்லை.

என்ன? என்ன சொன்னீங்க அக்கா? ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை.

இரண்டு தடவை சொன்னீங்களா?

ஆமாம். ஆமாம், சொன்னீங்க. சொம்பைத் திருப்பி வாங்கும்போது மறுபடியும் சொன்னீங்க. "இப்ப நல்லா இருக்கு, இல்லே?" என்று. அந்த 'இப்ப'வை இழுத்துச் சொன்னீங்க. நான் தலையை ஆட்டினேன். அதை மறந்தே போனேன். இல்லை, மறக்கவில்லை. அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

உங்க மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றாரா? அய்யோ, எனக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்கா அடித்தார்? நாங்க தெரு முனை திரும்புவதற்குள்ளேயா? ரெண்டு நாள் சோறு போடவில்லையா? பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டா இருந்தார், உங்க வீட்டுக்காரர்?

அழாதீங்க. எல்லாரும் பார்க்கிறார்கள்.

பணம் பூராவும் உங்க நாத்தனார் கல்யாணத்துக்கே போய்விட்டதா? அப்போது நீங்க...

சவுக்குத்தோப்பிலேயேவா? வாடகைக்கா? அந்தக் கேன் இரண்டும்...

நீங்க எண்ணெய் வாங்கத்தான் போகிறீங்க என்று நினைத்தேன் அக்கா. குளத்துமேட்டுப் பம்புக்கா? தினமும் இந்தப் பஸ்ஸிலா? நானும்தான் கோடையில் இதே பஸ்ஸில் கேன் தூக்கிக்கொண்டு போவேன், மத்தியானம் இரண்டு மணி டிரிப்பில். நீங்க காலையிலா. அதனால்தான் மூன்று வருஷமாகப் பார்க்கவே இல்லை. இந்தக் கண்டக்டர் உங்களையும் கேட்பாரா, "பொம்பளைக்கு டிக்கெட் இல்லை, கேனுக்கு என்ன சலுகை கொடுக்கச் சொல்லியிருக்கு?" என்று? என்னிடமும் அதேதான் கேட்பார். நான் ஒருநாள்கூடப் பதில் சொன்னதில்லை.

உங்க முடியையும் இப்போதுதான் பார்க்கிறேன். என் முடி மாதிரியே இருக்கிறது.

கேட்டைத் தூக்குகிறான். போகிறது. அடுத்தது பஸ் ஸ்டாண்டு, அதற்கடுத்தது தாலுகா ஆபீஸ்.

நீங்க அடி வாங்குகிற வீட்டில் நின்றுகொண்டு இரண்டு தடவை சொன்னீங்க. என்னை யாரும் அடிக்க மாட்டார்கள் அக்கா. எங்க வீட்டுக்காரர் கத்துவார். இரண்டு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சோறு எடுத்து வைத்தால் சாப்பிடாமல் எழுந்து போவார். அவ்வளவுதான் செய்வார். ஆனால் அட்வான்ஸ் போய்விடும். குளத்துமேட்டு வீடு போய்விடும். இந்தச் சித்திரைக்கும் இவள் தலை இப்படியேதான். அதை நான்தான் பார்க்க வேண்டும், இளவரசி பார்க்க மாட்டாள். இளவரசி வேறொரு தலையைப் பார்ப்பாள். ஆறு மாசத் தலை. இப்போது மொட்டையடித்துப் பளபளவென்று இருக்கிறது.

நீங்க ஒன்றும் சொல்லாதீங்க. கையெழுத்துப் போடு என்றும் சொல்லாதீங்க, போடாதே என்றும் சொல்லாதீங்க. நீங்க சொல்லவில்லை என்று மூன்று வருஷம் உங்க மேல் பழி போட்டுத் திரிந்தேன். இப்போது நீங்க எதையாவது சொன்னால் இதற்கும் உங்க மேல்தான் போடுவேன். எனக்கு அந்தப் புத்தி இருக்கிறது.

இந்தக் கூடையைக் கொஞ்சம் பிடிங்க. துணிக்கு அடியில் பாருங்க. ஆமாம், அந்தப் பாட்டில்தான். காலையில் சாமான் கட்டும்போது டிரம்முக்குப் பின்னால் இருந்தது கையில் வந்தது. கொட்டிவிடத்தான் எடுத்தேன். எதற்கென்று தெரியாமல் கூடையில் போட்டுக்கொண்டேன். பத்திர ஆபீசுக்கு எதற்கு இது? நானே கேட்டுக்கொண்டு வந்தேன்.

உங்களைக் குடிக்கச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. அய்யோ, வேண்டாம் அக்கா, ஒன்பது மாசத் தண்ணி...

குடித்தே விட்டீங்களே.

அதேதானா? அதே கடலா? நீங்க முகம் சுளிக்கக்கூட இல்லை.

இளவரசிக்கு நான் என்ன சொல்வேன்? எனக்கு எங்கே பேச்சு வரப்போகிறது. அத்தனை பேருக்கு நடுவில், அவர் முறைத்துக்கொண்டு நிற்பார், கலியமூர்த்தி நிற்பான், அதே கலியமூர்த்திதான் இவர்களையும் கூட்டிவந்தான். நான் தரையைத்தான் பார்ப்பேன். ஆனால் ஒரு பொம்பளைக்குக் குடிக்கத் தண்ணி கொடுக்கப் பேச்சு எதற்கு? கையை நீட்டினால் போதாதா?

பஸ் ஸ்டாண்டு தாண்டிவிட்டது. அதோ, ஜெராக்ஸ் கடை நிழலில் நிற்கிறாள் பாருங்க. நீலப் புடவை. குழந்தையின் கையைப் பிடித்து நமக்கு ஆட்டிக் காட்டுகிறாள், நான் வருவது தெரிந்துவிட்டது. பக்கத்தில் அவர். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

எழுந்திரு பாப்பா, இறங்கணும். அண்ணே, நிறுத்துங்க! தாலுகா ஆபீஸ்! அண்ணே, ஆள் இறங்கணும், நிறுத்துங்க!

நான் கத்தினதை இந்தக் கண்டக்டர் இன்றைக்குத்தான் கேட்கிறார், பாருங்க எப்படித் திரும்பிப் பார்க்கிறார் என்று.

வருகிறேன் அக்கா. பாட்டிலைக் கொடுங்க. இல்லை, மூட வேண்டாம். மூடியை நீங்களே வச்சுக்கங்க.